தலைக்கு மேல் ஓடும் கோள்களுக்கு நம்மிடம் கணக்கு உண்டா?

பூமிக்கு அருகே தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் தரும் தாழ்புவி இணையத்தின் தென்னிந்திய வாசல் மாமல்லபுரக் கரையில் அமைகிறது. அதன் வழியே பாயும் தரவைக் காவல் காக்க விதிகள் இருக்கின்றன. அந்தத் தரவைச் சுமந்து ஓடும் கோள்களை நாமே அளந்து அறியும் ஏற்பாடு மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது.

2024 டிசம்பர் 31 அன்று வன்வெப் செயற்கைக்கோள் இணையம் முடங்கியது. முழுச் சேவை திரும்ப ஏறத்தாழ இரண்டு நாள் பிடித்தது. அந்த நேரத்தில் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் கோள்கள் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2024 லீப் ஆண்டு, அதற்கு 366ஆவது நாள் ஒன்று உண்டு என்பதைத் தரைக் கட்டமைப்பின் மென்பொருள் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் கோளாறு. விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஒரு பொருளோடு பேச வேண்டுமானால் காலத்தையும் இடத்தையும் ஒருசேரப் பிடிக்க வேண்டும். ஒரு விநாடி பிசகினால் கோள் 7 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆகவே இந்த வகை இணையத்தின் உயிர் ராக்கெட்டிலோ வீட்டுக் கூரையில் வைக்கும் தட்டிலோ இல்லை. இந்த நொடியில் கோள் எங்கே இருக்கிறது என்ற கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இந்தியா, குறிப்பாகத் தமிழ்நாடு, இப்போதே கேட்டாக வேண்டும்.

இப்போதே என்று சொல்லக் காரணம் உண்டு. விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி வழங்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பு 2023 நவம்பரில் யூடெல்சாட் வன்வெப் நிறுவனத்துக்கு இந்தியாவில் சேவை தர ஒப்புதல் அளித்தது. அதற்கான இரண்டு தரைநிலையங்களில் ஒன்று குஜராத்தின் மேசாணா; மற்றது செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம். துறையில் இருப்பவர்கள் ‘கேட்வே’ என்று அழைக்கும் இந்த நிலையத்தில்தான் வானத்து இணையம் தரையின் ஒளியிழைக் கேபிளோடு சேர்கிறது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, சிறுசேரியில் மென்பொருள் வளாகம் என்று நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளைத் தாங்கும் கரை இது. இந்த வரிசையில் புதிதாகச் சேரும் கேட்வேயின் அன்றாட வேலையே செயற்கைக்கோளைப் பின்தொடர்வதுதான். அந்தப் பின்தொடர்வை ஒரு நிறுவனத்தின் உள்விவகாரமாக விட்டுவிடக் கூடாது, அதை நாட்டின் பொது அறிவாக மாற்ற வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம்.

நிற்காத கோளைப் பிடிப்பது

வீட்டு டிடிஎச் தட்டு பார்க்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழல்கிறது. நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவதால், தட்டை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். ஆனால் அந்தத் தொலைவுக்கு ஒரு கேள்வி போய் இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப ஒளியின் வேகத்திலும் கிட்டத்தட்ட அரை விநாடி ஆகிறது. வன்வெப்பின் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் இந்தப் பயண நேரம் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். காணொளி உரையாடலும் தொலைமருத்துவமும் தடங்கலின்றி நடக்க இந்த வேறுபாடே காரணம். இந்த லாபத்துக்கு ஒரு விலை இருக்கிறது: தாழ்ந்த கோள் நிற்காது. வன்வெப் கோள் ஒன்று 109 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும். மாமல்லபுரத்தின் நேர் உச்சியைக் கடக்கும் கோள்கூட அடிவானத்தில் எழுந்து மறைய ஏறத்தாழ இருபது நிமிடமே எடுக்கும். ஒரு பயனர் ஒரே கோளோடு இணைந்திருப்பது இரண்டு மூன்று நிமிடங்கள்தான். அதற்குள் பின்னால் வரும் கோள் பொறுப்பை ஏற்க வேண்டும். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்கிலும் இதே கதைதான், இன்னும் வேகமாக.

கேட்வேயின் ஒவ்வொரு ஆன்டெனாவும் ஒரு கோளைக் கையிலெடுத்து வானத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை திரும்பிக்கொண்டே போகிறது. அது கீழிறங்கும் முன் பக்கத்து ஆன்டெனா அடுத்த கோளைப் பிடித்திருக்க வேண்டும். முதல் தலைமுறை வன்வெப் கோள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வசதி இல்லாதவை. வாடிக்கையாளர் தட்டிலிருந்து கோளுக்குப் போகும் தரவு அந்தக் கோள் பார்க்கும் ஏதாவது ஒரு கேட்வேயில் உடனே இறங்கியாக வேண்டும். 1,200 கிலோமீட்டர் உயரம் என்பதால், மாமல்லபுரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்குத் தென்னிந்தியா, இலங்கை, அந்தமான், வங்கக் கடலின் பெரும்பகுதி ஆகியவற்றின் மேல் போகும் கோள்கள் எல்லாமே எட்டும்.

ஒரு கோள் நம்மை நோக்கி வரும்போது அதன் அலைவரிசை சற்று உயர்கிறது, விலகும்போது தாழ்கிறது. டாப்ளர் விளைவு எனப்படும் இந்த மாற்றம் இங்கே 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் போகும் என்பதால் கேட்வே அதை ஒவ்வொரு கணமும் அளந்து சரிக்கட்டுகிறது. ஆன்டெனா எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, அலைவரிசை எவ்வளவு நகர்ந்தது, துடிப்பு வந்துசேர எத்தனை நேரம் ஆனது என்ற மூன்றையும் சேர்த்தால் அந்தக் கோள் உண்மையில் எங்கே இருந்தது என்பதற்கான சான்று கிடைத்துவிடும். இணையம் தரும் வேலையினூடே இந்தக் கரையில் இரவுபகலாக உருவாகும் இந்தச் சான்றைத்தான் நாம் கேட்டுப் பெற வேண்டும் என்கிறேன்.

ஏவிய நாட்டின் பொறுப்பு

கேட்டுப் பெற இந்தியாவுக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 மார்ச்சில் பைக்கனூரிலிருந்து ஏவும் வழி அடைபட்டபோது வன்வெப்புக்குக் கைகொடுத்தது ஸ்ரீஹரிகோட்டா. 2022 அக்டோபர் 23 நள்ளிரவு கடந்த வேளையில் 36 கோள்கள், 2023 மார்ச் 26 காலை 36 கோள்கள் என 72 வன்வெப் கோள்களை எல்விஎம்3 ராக்கெட் சுமந்து சென்றது. மாமல்லபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் 120 கிலோமீட்டர் வடக்கே அந்த ஏவுதளம் இருக்கிறது. அதைக் கொண்டாடினோம், கொண்டாட்டத்தோடு வந்த பொறுப்பைப் பற்றிப் பேசவில்லை. விண்பொருள்களால் ஏற்படும் சேதத்துக்கான 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின்படி, எந்த நாட்டின் மண்ணிலிருந்து ஒரு பொருள் ஏவப்படுகிறதோ அந்த நாடும் ‘ஏவிய நாடு’ ஆகிறது. கோள் யாருக்குச் சொந்தம் என்பது இந்தப் பொறுப்பைத் துடைத்துவிடாது. 1978இல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 அணு உலையோடு கனடாவில் விழுந்தது; பின்னர் 30 லட்சம் கனடிய டாலர் தந்துதான் அந்த விவகாரம் முடிந்தது.

உடன்படிக்கையில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. தரையில் விழுந்து சேதம் விளைந்தால் ஏவிய நாடு கேள்வியின்றிப் பொறுப்பேற்க வேண்டும். விண்வெளியிலேயே இரண்டு கோள்கள் மோதினால் யார்மேல் தவறு என்று நிறுவ வேண்டும். எந்தக் கோள் எந்த நொடியில் எந்தப் பாதையில் இருந்தது, யார் விலகினார், யார் விலகவில்லை என்ற அளவீடு இல்லாமல் தவறை நிறுவ முடியாது. சொந்த அளவீடு இல்லாத நாடு அப்போது எதிர்த்தரப்பின் பதிவேட்டை வைத்தே தன் வழக்கை நடத்த நேரிடும். இந்தக் கவலை நீண்ட காலத்துக்கானது. 550 கிலோமீட்டரில் செயலிழந்த கோளை மெல்லிய காற்றின் உராய்வு சில ஆண்டுகளில் கீழே இழுத்துவிடும். 1,200 கிலோமீட்டரில் அந்த உராய்வு அநேகமாக இல்லை; அங்கே இறந்துபோன கோளோ உடைந்த துண்டோ நூற்றாண்டுகள் சுற்றும். நாம் அனுப்பிய 72இல் ஒன்று கட்டுப்பாடிழந்தால் அந்தப் பொறுப்பு நம் பேரப்பிள்ளைகளுக்கும் போகும்.

இரவல் கணக்கு போதாதா?

அமெரிக்க ராணுவம் விண்பொருள்களின் பட்டியலை உலகத்துக்கே இலவசமாகத் தருகிறதே, நாம் ஏன் தனியாகச் செலவழிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் பொதுப் பட்டியல் இல்லாவிட்டால் உலகின் பாதிக் கோள்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓடும். ஆனால் அதன் துல்லியத்துக்கு எல்லை உண்டு என்பதை 2009 பிப்ரவரி 10 காட்டியது. அன்று சைபீரியாவுக்கு மேல் 789 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம் 33 என்ற தொலைத்தொடர்புக் கோளும் செயலிழந்த ரஷ்யக் காஸ்மோஸ் 2251உம் மோதி 2,000க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறின. பொதுத் தரவை வைத்துப் போட்ட கணக்கு அவற்றுக்கு இடையே 584 மீட்டர் இடைவெளி இருக்கும் என்றது. அன்றைய ஆபத்தான நெருக்கங்களின் பட்டியலில் அந்த ஜோடி முதலிடத்தில்கூட இல்லை. கோள்களின் பாதை வானிலைபோல் மாறக்கூடியது. சூரியப் புயல் ஒன்று மேல்வளியைத் தடிக்கச் செய்ததால் 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்குகளில் 40 வரை அழிந்தன. நேற்றைய கணக்கு இன்றைக்குப் பழசாகிவிடும் துறை இது.

இஸ்ரோவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2023இல் இந்தியக் கோள்களை ஏதோ ஒன்று நெருங்குகிறது என்று அமெரிக்க விண்வெளிக் கட்டளையகத்திலிருந்து சுமார் 1 லட்சம் எச்சரிக்கைகள் வந்தன. இஸ்ரோ தன் கோள்களின் துல்லியமான பாதையை வைத்து அவற்றை மறுபடியும் கணக்கிட்டுச் சலித்தது. கடைசியில் அந்த ஆண்டு 23 முறை மட்டுமே கோளை நகர்த்த வேண்டியிருந்தது. தன் கோள் இருக்கும் இடம் தனக்குத் துல்லியமாகத் தெரிந்ததால்தான் இத்தனை எச்சரிக்கைகளைத் தள்ளிவிட முடிந்தது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எரிபொருளை எரித்திருந்தால் கோள்களின் ஆயுள் பாதியிலேயே முடிந்திருக்கும். தவிர, இலவசம் என்றும் நிலைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. இந்த எச்சரிக்கைப் பணியைக் குடிமை அமைப்பு ஒன்றுக்கு மாற்ற அமெரிக்கா தொடங்கிய திட்டத்துக்கே 2025இல் அந்நாட்டு நிதிநிலை முன்மொழிவு கத்தரி வைத்தது.

நிறுவனங்களிடம் தம் கோள்களைப் பற்றிய மிகச் சிறந்த தரவு இருக்கிறதே, அதை நம்பினால் என்ன என்பது அடுத்த மறுப்பு. தரவு சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஸ்டார்லிங்க் கோள்கள் 2025 மே வரையிலான ஆறு மாதத்தில் 1,44,000 தடவைக்கு மேல் மோதலைத் தவிர்க்க விலகியதாக ஸ்பேஸ்எக்ஸ் அமெரிக்க ஒழுங்காணையத்திடம் அறிக்கை தந்தது. இத்தனை நகர்வுகளைத் தானியங்கியாகச் செய்யும் நிறுவனத்தின் திறமை வியக்கத்தக்கது. ஆனால் 2021 ஏப்ரலில் ஒரு வன்வெப் கோளும் ஒரு ஸ்டார்லிங்க் கோளும் நெருங்கியபோது நடந்ததைப் பாருங்கள். இடைவெளி 60 மீட்டருக்குள் குறையக்கூடும் என்று கணிக்கப்பட்டதாக வன்வெப் சொன்னது. ஆபத்தே இல்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் மறுத்தது. இரு தரப்பும் தத்தம் எண்களை வைத்துப் பேசின. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நடுநிலையான அளவீடு ஒன்று அன்று உலகத்தின் கையில் இல்லை. அந்த இரண்டு நிறுவனங்களுமே இந்தியாவில் உரிமம் பெற்றுவிட்டன. நாளை இப்படியொரு தகராறு வங்கக் கடலுக்கு மேல் நேர்ந்தால் நம் ஒழுங்காணையர் எதை வைத்துப் பேசுவார்?

கேட்வே ஒன்றே கடிவாளமா?

அரசுத் தரப்பில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. இந்தியப் பயனர்களின் தரவு இந்தியக் கேட்வே வழியாகவே போக வேண்டும். சட்டப்படி இடைமறிக்க வசதி வேண்டும். பயனர் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்லையோரங்களில் சிறப்புக் கண்காணிப்பு வேண்டும். தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் விதித்த நிபந்தனைகள் இவற்றையெல்லாம் கட்டாயமாக்கின. மாமல்லபுரமும் மேசாணாவும் நம் மண்ணில் இருக்கும்வரை கடிவாளம் நம் கையில்தானே என்று தோன்றும். முதல் தலைமுறை வன்வெப்புக்கு இது பெரும்பாலும் உண்மை. கோள்கள் தங்களுக்குள் லேசர் கதிரால் பேசிக்கொள்ளும் அமைப்புக்கு இது பொருந்தாது. ஸ்டார்லிங்கின் புதிய கோள்கள் தரவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றி, எங்கோ தொலைவிலுள்ள நாட்டில் இறக்கிவிட வல்லவை. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து பல டன் மெத்தம்பெட்டமைன் பிடிபட்டபோது, கடத்தியவர்கள் வழி கண்டுபிடிக்க ஸ்டார்லிங்க் கருவியைப் பயன்படுத்தியதாக அந்தமான் காவல்துறை கூறியது. இந்தியாவில் அந்தச் சேவைக்கு அப்போது உரிமமே கிடையாது. தரையில் வைத்த வாசல், வாசலைத் தாண்டாமலே வருபவரைத் தடுக்காது. எந்தக் கோள் எப்போது எந்தக் கடற்பகுதிக்கு மேல் இருந்தது, எங்கே கதிரை இறக்கியது என்று நாமே அறிந்தால்தான் நிறுவனத்திடம் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்கும்.

கரையில் இருப்பவருக்கு என்ன லாபம்?

மக்களுக்கு முதலில் இணையம் கிடைக்கட்டும், கண்காணிப்பையும் கட்டுப்பாட்டையும் பிறகு பார்க்கலாம் என்ற வாதத்துக்கு மனசாட்சியின் பலம் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரைக்கும் படகுக்கும் இடையே தொடர்பு இல்லாததாலேயே பல உயிர்கள் போயின. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்கு அருகேதான். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை ஃபைபர் படகில் கடலுக்குப் போகும் குடும்பங்களுக்குத் தொடர்பு என்பது உயிர்க்கவசம். நிலத்தில் கோபுரம் சாய்ந்தாலும் கேபிள் அறுந்தாலும் வானத்து வழி நிலைக்கும் என்பதால், இந்தச் சேவை விரைவாக, வாங்கக்கூடிய விலையில் வர வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

அதனாலேயே கணக்கும் வேண்டும் என்கிறேன். ஒக்கிக்குப் பின் நாடு தேர்ந்த வழியைக் கவனியுங்கள். இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அந்தச் செய்திகளைச் சுமப்பது நம்முடைய ஜிசாட்-6 செயற்கைக்கோள். அதன் இடத்தையும் நலத்தையும் நம் பொறியாளர்களே கண்காணிக்கிறார்கள். அது ஒருநாள் பேசாவிட்டால் ஏன் என்று நமக்கே தெரியும். தாழ்புவிக் கோள்களை நம்பி மீனவர் கடலுக்குப் போகும் காலம் வந்தால், சேவை ஏன் நின்றது என்ற கேள்விக்கு நிறுவனத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும் நிலை கூடாது. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நின்றது. அதன் மைய வலையமைப்பை நடத்தும் மென்பொருளே காரணம். கோளில் கோளாறா, தரையில் கோளாறா, மழைமேகம் அலையை விழுங்குகிறதா என்பதைப் பிரித்தறிந்து சொல்லும் சுதந்திரமான அமைப்பு, புயல் நாளில் மாவட்ட நிர்வாகத்துக்கு அரிசி மூட்டைக்கு நிகராகத் தேவைப்படும்.

இனி செய்ய வேண்டியது

வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவின் பல்பொருள் ரேடார் ஒரே நேரத்தில் 10 பொருள்களைத் தொடரும்; அரை மீட்டர் அகல நீளமுள்ள பொருளை 1,000 கிலோமீட்டர் தொலைவுவரை காணும். வன்வெப்பின் 1,200 கிலோமீட்டரே அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது என்பதிலிருந்து நம் தேவை எவ்வளவு என்று விளங்கும். விண்வெளிப் பாதுகாப்புக்கென இஸ்ரோ பெங்களூரில் தனி மையத்தை 2022 ஜூலையில் திறந்தது. விண்பொருள்களைக் கண்காணிக்கும் நேத்ரா திட்டத்தில் அசாமில் ரேடாரும் லடாக்கின் ஹான்லேயில் தொலைநோக்கியும் அமைக்கும் பணி நடக்கிறது. நேத்ராவின் வரைபடத்தில் தெற்கும் சேர வேண்டும். துருவப் பாதைக் கோள்களை வடக்கத்திய நிலையங்கள் அடிக்கடி காணும் என்பது சரிதான். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிக் குறைந்த சாய்வில் சுற்றுபவை லடாக்கின் கண்ணுக்கு எட்டாமல் போகும். 12 பாகை அட்சத்திலுள்ள தமிழ்நாட்டுக்குத் தலைக்கு மேலே தெரியும். காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நடத்திவரும் அனுபவம் நம்மிடம் இருக்கிறது. அதே ஊரில் ஒரு காலத்தில் சோவியத் ஒத்துழைப்போடு செயற்கைக்கோள் பின்தொடரும் நிலையத்தையும் இஸ்ரோ நடத்தியிருக்கிறது.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, மாமல்லபுரம் உட்பட இந்திய மண்ணிலுள்ள ஒவ்வொரு கேட்வேயும் தான் அளக்கும் கோணம், டாப்ளர், நேர அளவீடுகளை இஸ்ரோவின் பெங்களூர் மையத்துக்கு அன்றாடம் தருவதை உரிம நிபந்தனையாக்க வேண்டும். வாடிக்கையாளரின் தரவை இது தொடாது. கோளின் இருப்பிடத்தை மட்டுமே சொல்லும். பேசும் கோளுக்குத்தான் இது உதவும் என்பதால், பேச்சிழந்த கோளையும் துண்டுகளையும் காண நீண்ட எட்டமுள்ள ரேடார் ஒன்று தென்கரைக்கு வர வேண்டும் என்பது இரண்டாவது. பணத்துக்கு வழி இருக்கிறது. செயற்கைக்கோள் இணைய நிறுவனங்களிடம் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 4 விழுக்காட்டை அலைக்கற்றைக் கட்டணமாக வாங்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. வானத்தைப் பயன்படுத்துவோர் தரும் பணத்தின் ஒரு பங்கு வானத்தைக் காக்கச் செலவாவது நீதியே. மூன்றாவது, சேர்ந்த அளவீடுகளில் பாதுகாப்புக்கு ஊறில்லாதவற்றைப் பல்கலைக்கழகங்களுக்கும் இளைய நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும். 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கையை வெளியிட்ட தமிழ்நாடு அரசு, தொழிற்சாலை நிலத்தோடு இந்தத் தரவையும் முதலீடாகக் கருதலாம். கோளின் பாதையைக் கணிக்கத் தெரிந்த மாணவர் கூட்டம் ஒன்று கிண்டியிலும் செங்கல்பட்டிலும் உருவானால், கேட்வேக்கு நிலம் கொடுத்த மாவட்டம் அந்தத் துறைக்கு அறிவும் கொடுத்ததாகும்.

இதுவரை ஏவப்பட்ட ஸ்டார்லிங்குகளின் எண்ணிக்கை மட்டும் 2025இல் 10,000ஐத் தாண்டியது. அமேசானும் சீன நிறுவனங்களும் பின்னால் வருகின்றன. இந்தக் கோள்களின் சேவையை வாங்குவதில் தவறில்லை. 2030க்குள் குப்பை சேர்க்காத விண்பயணங்களை நோக்கிப் போவோம் என்று 2024இல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்த நாடு நாம். அளக்கத் தெரியாதவர் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. மற்றவர் காப்பாற்றினாரா என்று கேட்கவும் முடியாது. உரிமங்களின் அடுத்த நிபந்தனைப் பட்டியலில் பின்தொடர்வுத் தரவுக்கு ஒரு பத்தி சேர்க்க மைய அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அந்தப் பத்தியைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, தன் கரையில் வாசல் திறந்துவிட்ட தமிழ்நாட்டுக்கு முதலில் வருகிறது.